டிவி, லேப்டாப், போன் பழுதானால்: சரி செய்வதா, புதிது வாங்குவதா?

ஆறு வருஷம் ஓடிய டிவி ஒரு நாள் இருண்டு போனால் வீட்டில் இரண்டு பேச்சு எழும். "ஆறு வருஷம் ஓடிடுச்சே, புதுசு வாங்கிடலாம்" என்பார் ஒருவர். "ஏதாவது கெப்பாசிட்டர் போயிருக்கும், மாத்தினாப் போதும்" என்பார் இன்னொருவர். இரண்டும் ஊகம்தான். அதே டிவியில் சில ரூபாய் ஃப்யூஸும் போகலாம், புது டிவி விலையில் பெரும்பங்கைக் கேட்கும் பேனலும் போகலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் "டிவி ஓடலை" என்பதுதான்.

ஆகவே முடிவைச் சொல்வது சாதனத்தின் வயதோ வாங்கிய விலையோ கிடையாது. போன பாகம் எது என்பதுதான். முதலில் அந்தப் பாகத்தின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு கணக்கு. அதற்குப் பிறகுதான் கடை. இந்த வரிசை மாறும்போதுதான் பணம் வீணாகிறது.

பிரிக்கும் முன்

பில்லைத் தேடி எடுங்கள். வாரண்டி வாங்கிய தேதியிலிருந்து எண்ணப்படும். ஒரு வருஷம் முடிந்துவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். சில கம்பெனிகள் டிவி பேனலுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வருஷம் தருகின்றன, அது வாரண்டி அட்டையில் தனி வரியாக இருக்கும். வாரண்டி உள்ள பொருளின் திருகு ஒன்றைக்கூட வெளிக்கடையில் கழற்ற விடாதீர்கள்.

அடுத்து கரண்ட். சுவர் பிளக்கில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். ஸ்பைக் பஸ்டர் நடுவில் இருந்தால் அதை எடுத்துவிட்டு நேராகச் சுவரில் கொடுங்கள். டிவிக்குக் கீழ் விளிம்பிலோ பின்புறமோ ஒரு பட்டன் இருக்கும். ரிமோட்டை விட்டுவிட்டு அதை அழுத்துங்கள். ரிமோட்டைச் சோதிக்க, அதன் நுனியைச் செல்போனின் முன்பக்க கேமராவுக்குக் காட்டி பட்டனை அழுத்தினால் திரையில் இளம் ஊதா வெளிச்சம் மினுங்க வேண்டும். மினுங்கவில்லை என்றால் பேட்டரியை மாற்றுங்கள். டிவியைத் தொடவே வேண்டாம்.

லேப்டாப் அசையாமல் கிடந்தால் அடாப்டரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்தி, விட்டு, மீண்டும் அடாப்டரைச் சேர்த்து ஆன் செய்யுங்கள். போர்டில் தங்கிய மின்சாரம் வடிந்து உயிர் வரும் லேப்டாப்புகள் உண்டு. அடாப்டர் வயர் பிளக்குக்கு அருகே மடிந்து மடிந்து உள்ளே அறுவதும் சாதாரணம். அதே அளவு வோல்ட், வாட் உள்ள வேறு அடாப்டரால் சோதித்த பிறகே "மதர்போர்டு போச்சு" என்ற சொல்லுக்குக் காது கொடுங்கள்.

போன் சார்ஜ் ஏறவில்லையா? டைப்-சி பிளக் முன்பு போல "டக்" என்று உட்காராமல் ஒரு நூல் அளவு வெளியே நிற்கிறதா என்று கவனியுங்கள். துவாரத்துக்குள் டார்ச் அடித்தால் நடுவே மெல்லிய நாக்கு போன்ற தகடு தெரியும். அதன் அடியில் சட்டைப் பையின் பஞ்சு, பிளக் ஒவ்வொரு முறையும் குத்திக் குத்தி அழுத்தியதில் கம்பளி வில்லை போலப் படிந்திருக்கும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியின் நுனியைச் சீவி மெலிதாக்கி, துவாரத்தின் சுவரோரமாக விட்டு வெளியே இழுங்கள். ஊசியும் சேஃப்டி பின்னும் கூடாது. நாக்கின் இரு பக்கமும் உள்ள மெல்லிய பின்கள் வளைந்தால் பஞ்சுப் பிரச்சினை உண்மையான போர்ட் பிரச்சினையாகிவிடும்.

டிவி: எந்தப் பாகம்?

எல்இடி டிவிக்குள் ஐந்து பாகங்கள்: பவர் போர்டு, மெயின் போர்டு, படத்தைப் பேனலுக்குப் பிரித்து அனுப்பும் டி-கான் போர்டு, பேனல், பேனலுக்குப் பின்னால் வெளிச்சம் தரும் பேக்லைட் பட்டைகள். சின்ன டிவிகளில் முதல் இரண்டும், சில சமயம் மூன்றும், ஒரே போர்டாக இருக்கும். பேனல் தானாக ஒளி தராது. அது படம் வரைந்த கண்ணாடி, பின்னால் விளக்கு எரிந்தால்தான் படம் தெரியும்.

சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் இதைச் செய்யுங்கள். இரவில் அறை விளக்குகளை அணைத்து, டிவியை ஓட விட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். வெளிச்சம் விழும் வட்டத்துக்குள் செய்தி வாசிப்பவரின் முகமோ, கீழே ஓடும் எழுத்தோ, நீரில் கரைந்த ஓவியம் போல மங்கலாகத் தெரிந்தால் பேனலும் மெயின் போர்டும் வேலை செய்கின்றன. போனது பெரும்பாலும் பேக்லைட். சில சமயம் அதற்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் பகுதி. இது நிச்சயமாகச் சரி செய்யத்தக்க பழுது. ஆறு வருஷமோ எட்டு வருஷமோ, தயங்க வேண்டாம்.

பேக்லைட் ஏன் போகிறது என்று தெரிந்தால் மெக்கானிக்கிடம் பேசுவது எளிது. நீளமான அலுமினியப் பட்டைகளில் வரிசையாக எல்இடிகள், ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைக் கிண்ணம் போல ஒரு லென்ஸ். எல்லாம் தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்று கருகி அறுந்தால் அந்த வரிசை முழுதும் அணைகிறது, பல டிவிகளில் திரை முழுவதுமே அணைகிறது. பிரித்துப் பார்த்தால் போன எல்இடியின் மஞ்சள் சதுரத்தின் நடுவே கடுகளவு கரும்புள்ளி இருக்கும். காரணம் சூடு. கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று பேக்லைட் அளவு உச்சத்தில் வைக்கப்படுகிறது, வீட்டிலும் அப்படியே ஓடுகிறது. திரையில் ஆங்காங்கே வட்டமாக வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தால் பசை விட்டு லென்ஸ் உதிர்ந்திருக்கிறது. படம் முழுக்க நீலமோ ஊதாவோ பூத்திருந்தால் எல்இடிகளின் மஞ்சள் பூச்சு தேய்ந்துவிட்டது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே, புதுப் பட்டைகள்.

இங்கே இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, போன ஒரு எல்இடியை மட்டும் மாற்றுவதோ, வயர் வைத்து அதைத் தாண்டிவிடுவதோ வேண்டாம். மற்ற எல்இடிகளும் அதே நேரம் எரிந்தவை. சில மாதத்தில் அடுத்தது போகும், மறுபடி கூலி. முழு செட் பட்டை மாற்றச் சொல்லுங்கள், அந்த டிவி மாடலுக்குப் பொருந்துவதா, 3 வோல்ட்டா 6 வோல்ட் எல்இடியா என்று கேளுங்கள். இரண்டாவது, பட்டையை எட்ட பேனல் கண்ணாடியைத் தூக்கியாக வேண்டும். 43 அங்குலக் கண்ணாடியை ஒருவர் தனியாகத் தூக்கினால் வளைந்து விரிசல் விடும், இரண்டு பேர் வேண்டும். "பேனல் உடைஞ்சா யார் பொறுப்பு?" என்பதை வேலைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். சரியான பிறகு படத்தின் அமைப்புக்குள் போய் பேக்லைட்டை 60 முதல் 70 சதவீதத்துக்குள் வையுங்கள். புதுப் பட்டையின் ஆயுள் அங்கேதான் இருக்கிறது.

சிவப்பு விளக்குகூட எரியாமல் மொத்தமாக அமைதி என்றால் சந்தேகம் பவர் போர்டு மேல். தெருவில் நியூட்ரல் அறுந்து 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கி வந்த நாளுக்குப் பிறகு இப்படி ஆகியிருந்தால் கலங்க வேண்டாம். பல போர்டுகளில் அதற்காகவே ஒரு வேரிஸ்டர் இருக்கிறது. அது வெடித்து ஃப்யூஸை அறுத்து மற்றவற்றைக் காப்பாற்றியிருக்கக் கூடும். ஆன் ஆகி "டிக்" என்று அணைந்து மீண்டும் ஆன் ஆகும் டிவியில் தலை புடைத்த கெப்பாசிட்டர்கள் இருக்கலாம். இவை போர்டு அளவில் தீரும் பழுதுகள். ஆனால் நீங்களே மூடியைக் கழற்றிக் கை வைக்காதீர்கள். பவர் போர்டின் பெரிய கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும்.

லோகோ வந்து, அணைந்து, மறுபடி லோகோ வருவது மெயின் போர்டில் உள்ள மெமரி சிப் அல்லது சாஃப்ட்வேர் பழுது. சாஃப்ட்வேரை மீண்டும் ஏற்றினால் சரியாகலாம். சிப் தேய்ந்திருந்தால் அதை மாற்றத் தெரிந்தவர் வேண்டும். "யுனிவர்சல் போர்டு போட்டுத் தரேன்" என்பார்கள். போட்டால் படம் வரும், பழைய ரிமோட்டும் சில ஆப்களும் போகும், நிறமும் மாறும். கிராமத்து வீட்டில் கேபிள் மட்டும் பார்க்கும் டிவிக்கு அது போதும். மற்றபடி அதே மாடலின் பழைய போர்டைத் தேடுவது மேல். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பேனல் உடைந்த டிவிகளிலிருந்து எடுத்த நல்ல போர்டுகள் கிடைக்கும். டிவியின் மாடல் எண்ணோடு போர்டின் மேல் அச்சிட்ட எண்ணையும் படமெடுத்துக்கொண்டு போங்கள்.

செங்குத்துக் கோடு, பாதித் திரை மங்கல் என்றால் டி-கான், அதன் பட்டைக் கேபிள், அல்லது பேனல் விளிம்பில் ஒட்டிய மெல்லிய ஃபிலிம் இணைப்பு. முதல் இரண்டும் மலிவு. மூன்றாவதை ஒட்ட பாண்டிங் மெஷின் வேண்டும், ஒட்டினாலும் எவ்வளவு நாள் நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆகவே டி-கானைச் சோதித்துப் பார்க்கும் கூலி வரை கொடுங்கள், அதற்கு மேல் போகாதீர்கள். குழந்தை எறிந்த பந்தில் சிலந்தி வலை போல விரிசலா? பேனல் போயிற்று. அங்கே பேச்சு முடிந்தது, புதிது வாங்குங்கள்.

லேப்டாப்: பெரும்பாலும் பிழைக்கும்

டிவி பேனலுக்கும் லேப்டாப் டிஸ்ப்ளேவுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. டிவி பேனல் அந்த மாடலோடு கட்டுண்டது. 14, 15.6 அங்குல லேப்டாப் டிஸ்ப்ளேக்கள் பல கம்பெனிகளுக்கும் பொதுவானவை, 30 பின் கனெக்டர், 40 பின் கனெக்டர் என்று தனியாகவே விற்பனையாகின்றன. அதனால் லேப்டாப் திரை உடைவது மரண ஓலை கிடையாது. திரை இருண்டால் எச்டிஎம்ஐ கேபிள் மூலம் டிவியில் இணைத்துப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் டிஸ்ப்ளே, அல்லது கீலுக்குள் ஓடும் கேபிள். டிவியிலும் வராவிட்டால் ரேம், மதர்போர்டு பக்கம்.

கீல் உடைவதைத் தள்ளிப் போடாதீர்கள். மூடும்போது "கரக்" என்று சத்தம் வருவதும், ஓரம் வாய் பிளப்பதும் பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை நட்டு பிய்ந்ததன் அடையாளம். இப்போதே பார்த்தால் அந்த நட்டை மறுபடி பதிப்பதோடு போகும். விட்டால் கீல் டிஸ்ப்ளே கேபிளை அறுத்து, திரையையும் நெரித்துவிடும்.

"ரொம்ப ஸ்லோ" என்பது பழுதே இல்லை. சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப்புக்கு, சுழலாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி போட்டு, 4 ஜிபி ரேமை 8 ஜிபி ஆக்கினால் எழுத்து வேலைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் இன்னும் சில வருஷம் தாராளமாக வரும். ஆனால் ஒரு வரம்பு இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை, அதற்கு மேல். 7-ஆம் தலைமுறையோ அதற்கும் பழையதோ ஆன லேப்டாப்பில் வங்கி வேலை செய்கிறீர்கள் என்றால் மதர்போர்டு ரிப்பேருக்குப் பணம் போடாதீர்கள். லினக்ஸுக்கு மாறத் தயார் என்றால் அந்தத் தடை இல்லை.

கிராஃபிக்ஸ் சிப்பைச் சூடாக்கி எடுத்து, அடியில் புது ஈய மணிகள் வைத்து ஒட்டி "ரீபால்" செய்து தருவது தற்காலிக வைத்தியம். ரேமும் ஸ்டோரேஜும் போர்டோடு ஈயம் வைத்து ஒட்டிய மெலிந்த லேப்டாப்புகளில் போர்டு போனால் புது லேப்டாப் விலையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

போன்

பேட்டரிக்குத் தயங்கவே வேண்டாம். ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு 500 முறை முழு சார்ஜுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு, 15-லிருந்து 1000 முறைக்குப் பிறகு என்பது கம்பெனியே சொல்லும் கணக்கு. தினம் ஒரு சார்ஜ் என்றால் 500 முறை ஒன்றரை வருஷத்துக்குள் ஓடிவிடும். போன் மதியமே படுக்கிறது, 30 சதவீதத்தில் திடீரென்று அணைகிறது என்றால் வயதானது பேட்டரி மட்டும்தான். பின் மூடி லேசாகத் தூக்கியிருந்தாலோ, திரையின் ஓரம் எழும்பியிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அந்த நொடியிலிருந்து சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள்.

டிஸ்ப்ளேதான் ஏமாறும் இடம். புள்ளிகள் தாமே ஒளிரும் அமோலெட் திரை உள்ள போனுக்கு, பின்விளக்கு தேவைப்படும் எல்சிடி நகலைப் போட்டு விலையைக் குறைப்பார்கள். படம் வரும், ஆனால் கறுப்பு சாம்பலாகத் தெரியும், பேட்டரி வேகமாக இறங்கும், திரைக்கு அடியில் கைரேகை வைக்கும் போன்களில் அது வேலை செய்யாது. "ஒரிஜினலா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். "அமோலெட்டா எல்சிடியா, பில்லில் எழுதித் தருவீங்களா?" என்று கேளுங்கள். ஐபோனில் மாற்றிய பாகம் அசலா என்பதை செட்டிங்ஸில் ஜெனரல், பிறகு அபவுட் என்று போய்ப் பார்க்கலாம்.

தண்ணீரில் விழுந்தால் உடனே அணையுங்கள், சார்ஜ் போடாதீர்கள், ஆன் ஆகிறதா என்று சோதிக்காதீர்கள். அரிசிப் பானைக்குள் புதைத்தால் மாவுத் தூசிதான் உள்ளே போகும். உப்பு படிவதற்குள், அன்றைக்கோ மறுநாளோ, பிரித்து ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் போர்டைக் கழுவக் கொடுங்கள். கடல் தண்ணீர் என்றால் சில மணி நேரத்துக்குள்ளேயே கொடுக்க வேண்டும்.

பாதுகாப்பு அப்டேட் நின்று போன போனுக்கு விலை உயர்ந்த டிஸ்ப்ளே போட வேண்டாம். செட்டிங்ஸில் செக்யூரிட்டி அப்டேட் என்ற இடத்தில் கடைசித் தேதி இருக்கும். அது இரண்டு வருஷம் பழையதாக இருந்து, அந்தப் போனில்தான் உங்கள் யுபிஐ ஓடுகிறது என்றால், மாற்றும் நேரம் வந்துவிட்டது.

கணக்கு

"புது விலையில் பாதியைத் தாண்டினால் வேண்டாம்" என்று ஒரு பொது விதி சொல்வார்கள். அது அரைகுறை விதி. சரி செய்த பிறகு எத்தனை வருஷம் ஓடும் என்பதை அது கேட்பதில்லை. வருஷத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். உதாரணத்துக்கு, புது டிவி 28,000 ரூபாய், ஏழு வருஷம் ஓடும் என்று வைத்தால் வருஷத்துக்கு 4,000. பேக்லைட் மாற்ற 3,600, குறைந்தது இரண்டு வருஷம் என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் வருஷத்துக்கு 1,800. சரி செய்யுங்கள். அதே டிவிக்குப் பேனல் 18,000. மற்ற போர்டுகள் ஆறு வருஷம் பழையவை என்பதால் இன்னும் மூன்று வருஷம் என்றால் வருஷத்துக்கு 6,000. வேண்டாம். ஆயுளை எப்போதும் குறைத்தே மதிப்பிடுங்கள், ரிப்பேர் செலவில் ஆட்டோ, கூலி, ஜிஎஸ்டி எல்லாம் சேருங்கள்.

இந்தக் கணக்கில் வராத ஒன்று, பழுதின் காரணம். எர்த் சரியில்லாத வீட்டில் மாற்றிய போர்டு மறுபடி போகும். இடி மின்னல் கேபிள் வயர் வழியாக வந்து எச்டிஎம்ஐ போர்ட்டைக் கொன்றிருந்தால், அடுத்த மழைக்கும் அதே வழி திறந்திருக்கிறது. இன்வெர்ட்டர் ஏசியின் வெளி யூனிட்டில் பல்லி புகுந்து போர்டு ஷார்ட் ஆகியிருந்தால், போர்டு மாற்றும் அன்றே வயர் நுழையும் ஓட்டையையும் அடைக்கச் சொல்லுங்கள். கடற்கரையோர வீடுகளில் உப்புக்காற்று போர்டுகளை அரிக்கிறது. அங்கே போர்டு மேல் பாதுகாப்புப் பூச்சு அடித்துத் தரச் சொல்வது வீண் செலவு ஆகாது.

கடையில்

கொடுக்கும் முன் தரவை நகல் எடுங்கள். எடுக்க முடியாத நிலை என்றால் "டேட்டா வேணும், ஃபார்மேட் பண்ணாதீங்க" என்று ரசீதிலேயே எழுத வையுங்கள். திரைப் பூட்டின் எண்ணைக் கொடுக்காதீர்கள். சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோட், பிக்சலில் ரிப்பேர் மோட் இருக்கின்றன, ஆன் செய்து கொடுத்தால் உங்கள் படங்கள் கண்ணில் படாது. சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டியவை: எந்தப் பாகம் போயிருக்கிறது, பார்த்துச் சொல்ல மட்டும் எவ்வளவு, மாற்றினால் எவ்வளவு, பாகத்துக்கு எத்தனை மாத வாரண்டி, பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா. பாகத்தின் பெயரைச் சொல்லாமல் "சர்வீஸ் பண்ணணும், 4,000 ஆகும்" என்பவரிடம் பொருளை விட்டு வராதீர்கள். பெரிய தொகை என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டர், வெளிக்கடை இரண்டிலும் மதிப்பீடு வாங்குங்கள். சர்வீஸ் சென்டரில் போர்டை முழுதாக மாற்றவே சொல்வார்கள்; சிப் அளவில் பார்க்கத் தெரிந்த வெளிக்கடைக்காரர் அதே பழுதை ஒரு சின்ன பாகத்தில் முடிக்கலாம். வாரண்டி இருந்தும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உதிரிபாகம், சர்வீஸ் பற்றிய தகவல்களுக்கு மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய "ரைட் டு ரிப்பேர்" இணையதளம் இருக்கிறது.

புதிது என்று முடிவானால்

பழைய பொருளை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன் கூகுள் அல்லது ஐகிளவுட் கணக்கிலிருந்து வெளியேறி, பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். வரிசை மாறினால் அடுத்தவருக்குப் போன் பூட்டிக்கொள்ளும். ஓடாத லேப்டாப்பின் டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி என்றால் ஒரு சிறு உறை வாங்கி அதை வெளி டிரைவாக்கலாம். பேனல் உடைந்த டிவியை ஆக்கர் கடையில் எடைக்குப் போடாதீர்கள். அதன் போர்டுகள் வேறொருவர் டிவியைப் பிழைக்க வைக்கும், மெக்கானிக்கிடமே விலை பேசுங்கள். செகண்ட் ஹேண்ட் போன் வாங்குவதானால் *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணை (அந்தப் போனின் தனி அடையாள எண்) எடுத்து, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் "சஞ்சார் சாத்தி" தளத்தின் கைபேசிச் சோதனையில் அது கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

யாருக்கும் பயன்படாததை மின்கழிவு விதிகள் 2022-இன்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம் சேர்க்க வேண்டும்; பெரிய கம்பெனிகளின் சர்வீஸ் சென்டர்கள் பலவற்றில் வாங்கிக்கொள்வார்கள். உப்பிய பேட்டரியை மட்டும் குப்பைத் தொட்டியிலோ, மற்ற சாமான்களோடு ஒரே பையிலோ போடாதீர்கள். முனைகளின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் பாதி நிரப்பிய பழைய டப்பாவுக்குள் வைத்து, வீட்டுக்கு வெளியே வெயில் படாத இடத்தில் வைத்திருந்து, முதல் வாய்ப்பிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.